விவேகக் குறைவு

சுவாவிலிருந்து நீதிபதியைக் கொண்டுவந்த கப்பல்
பவளத்திட்டுக்கு வெளியே மூன்று நாள் நின்றது.
ஆகவே மூன்று நாள் விசாரணை.
நான்காம் நாள் கொப்பரை ஏற்ற வேண்டும்.

என் பெயர் பிரிபோ.
கில்பர்ட் தீவுகளின் அரசு மொழிபெயர்ப்பாளன்.
மாதம் இரண்டு பவுன், வருடம் ஒரு வெள்ளைச் சட்டை,
செருப்பு கிடையாது.

ரெசிடென்ட் கமிஷனர் ஆர்க்ரைட் மீதுதான் புகார்.
சட்டமும் அவர், அபராதமும் அவர்,
இரவு ஒன்பது மணி எப்போது என்பதும் அவர்.
குற்றவாளி நிற்கும் இடத்தில் அவர் நிற்கவில்லை.
நீதிபதிக்குப் பக்கத்து நாற்காலி,
இருவருக்கும் ஒரே தட்டில் பிஸ்கட்.

மிஷன் வாத்தியார் இயோதேபா எழுதிய காகிதத்தில்
நாற்பத்தொரு பெருவிரல்.
முப்பத்தெட்டுப் பேர் அந்த வாரம்
மீன் பிடிக்கப் போய்விட்டார்கள்.

நெய் தெராவோய் வந்தாள்.
ஒன்பதுக்குப் பிறகு ஆடியதற்கு ஆறு வாரச் சிறை அவளுக்கு.
பகலெல்லாம் பவளக்கல் சுமந்தாள்,
கமிஷனரின் டென்னிஸ் திடலுக்கு.
இரவில் பாய் முடையச் சொல்லி
அவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

எந்தத் தேதி, என்றார் நீதிபதி.
நிலா இல்லாத இரவுக்கு அடுத்த இரவு,
மேற்குக் காற்று திரும்பிய பிறகு, என்றாள்.
செவ்வாயா? புதனா?
அவள் என்னைப் பார்த்தாள்.
செவ்வாய் என்பது ஏதோ ஒரு மீன் போல
அவள் வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
சாட்சிக்குத் தேதி நினைவில்லை
என்று எழுதினார் எழுத்தர்.

அப்புறம் அவள் சொன்னாள்:
கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

ஆர்க்ரைட்டுக்கு எங்கள் மொழி அரைகுறை.
தண்ணீர் கொண்டு வா, தள்ளி நில், அபராதம் கட்டு,
அவ்வளவுதான் தெரியும் என்று பதினோரு வருடம் நினைத்திருந்தேன்.
அன்று அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு
என் வாயைப் பார்த்தார்.

உள்ளே அழைத்தார், என்றேன்.

டைப்ரைட்டர் தட்டியது.
தெராவோய்க்கு ஆங்கிலம் தெரியாது.
தெரிந்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தீர்ப்பு ஐந்து மாதம் கழித்து வந்தது, சிவப்பு அரக்கு வைத்து.
மனேயபாவில் எல்லாரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள்.
கமிஷனரிடம் காணப்பட்டது
சற்றே விவேகக் குறைவு.
எங்கள் மொழியில் அதற்குச் சொல் இல்லை.
வழி பிசகியது என்றேன். முகங்கள் அசையவில்லை.
கால் இடறியது என்றேன்.
பின்வரிசையில் ஒரு கிழவர் கேட்டார்:
எந்தக் கால்?
யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்,
அதை இன்றுவரை விழுங்க முடியவில்லை.

அவருக்கு இடமாற்றம் ஆனது,
குளிரான ஊர், பெரிய வீடு, சம்பளம் கூடுதல்.
வழியனுப்பு விழாவில் ஆடச் சொன்னார்கள்.
ஆடினோம், பதினொன்று வரை.
கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.
தெராவோய் வரவில்லை.
இருட்டில் திடல் பக்கம் கல் விழும் சத்தம் கேட்டது,
ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.
காலையில் பார்த்தால் தெற்கு ஓரம் முழுக்கக் காணோம்.
கடலிடம் கேளுங்கள் என்றேன் போலீஸ்காரனிடம்.
ஒருமுறையாவது வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்.

புதிய கமிஷனர் டென்னிஸ் ஆடுவதில்லை.
கோப்புகளை ஒழுங்குபடுத்து என்றார்.
பதினேழாம் பக்கத்தில் இருந்தது என் சொல்,
சுத்தமான ஆங்கிலத்தில்,
அவள் சொன்னதாக.
ஜன்னலைச் சாத்திவிட்டு
மேலே பென்சிலால் எழுதினேன்: இழுத்தார்.
எங்கள் மொழியில் எழுதினேன்,
படிக்க வருபவன் யாரையாவது கேட்கட்டும்.

இந்த உப்புக்காற்றில் காகிதமே பூத்துப்போகிறது.
பென்சில் எத்தனை மழைக்காலம் தாங்கும்,
தெரியவில்லை.
கொஞ்சம் அழுத்தித்தான் எழுதினேன்.